22 அடி வீட்டில் கால் பங்கு

கும்பகோணத்தில் என் தாய்வழித் தாத்தா 1961-இல் வாங்கிய வீட்டின் கிரயப்பத்திரத்தை நான் முழுவதுமாகப் படித்தது 2009-இல், அம்மா தம் மூத்த அண்ணன் மீது பாகப்பிரிவினை வழக்குத் தொடுப்பது என்று முடிவு செய்த வாரத்தில்தான். சொத்து விவரத்தில் "கிழமேலடி 22, தென்வடலடி 118" என்று எழுதியிருந்தது. வாங்குபவர் "புத்திர பௌத்திர பாரம்பரியமாய் சர்வ சுதந்திர பாத்தியத்துடன் ஆண்டு அனுபவித்துக்கொள்ள" வேண்டியது என்று பத்திர எழுத்தரின் வழக்கமான வாசகமும் இருந்தது. பத்திரம் மகனையும் பேரனையும் மட்டுமே பேசியது. ஆனால் அது எழுதப்படுவதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே, 1956-இலேயே, இந்து வாரிசுரிமைச் சட்டம் மகளுக்கும் சம பங்கு என்று சொல்லியாகிவிட்டது. எங்கள் குடும்பம் சட்டத்தின்படி நடக்கவில்லை. பத்திரத்தின் அந்த வாசகத்தின்படியே நடந்தது. அங்கிருந்து தொடங்கிய தகராறு ஒரு வழியாக முடிந்தது 2021-இல்.

சட்டப்படி பார்த்தால் எங்கள் வழக்கில் சிக்கலே இல்லை. தாத்தா பள்ளி ஆசிரியர். தம் சம்பளத்திலிருந்து சேர்த்து வாங்கிய வீடு அது. அவர் 1986-இல் உயில் எழுதாமல் இறந்தபோது பாட்டி, இரண்டு மகன்கள், இரண்டு மகள்கள் என ஐவரும் முதல் வகுப்பு வாரிசுகள் என்பதால் ஆளுக்கு ஐந்தில் ஒரு பங்கு. பாட்டி 1998-இல், அவரும் உயில் எழுதாமல், காலமானபோது அவருடைய பங்கு நான்கு பிள்ளைகளுக்கும் சமமாகச் சேர்ந்து ஆளுக்குக் கால் பங்கு ஆனது. இந்தக் கணக்கை எங்கள் வழக்கறிஞர் ஒரு துண்டுத் தாளில் இரண்டு நிமிடத்தில் போட்டுக் காட்டினார். இதையே ஒரு நீதிமன்றம் தீர்ப்பாக எழுத ஐந்து ஆண்டுகள் ஆயின. கால் பங்கு என்றால் அந்த வீட்டில் எது என்ற கேள்வியை எடுக்க அதன் பிறகு மேலும் ஐந்து ஆண்டுகள் ஆயின. இந்த இரண்டாவது கேள்வியைத்தான் நாங்கள் முதலில் கேட்டிருக்க வேண்டும் என்று இப்போது உறுதியாக நினைக்கிறேன்.

பெரிய மாமா தீய எண்ணத்தோடு சண்டையிடவில்லை. வீடு தம்முடையது என்று மனப்பூர்வமாக நம்பினார். வீட்டு வரி ரசீது அவர் பெயரில் இருந்தது, மின் இணைப்பும் அப்படியே. ஊரில் பாதிப் பேர் இவற்றை உரிமைப் பத்திரமாகவே நினைக்கிறார்கள். வரி யாரிடம் வசூலிப்பது என்று உள்ளாட்சி அமைப்பு வைத்திருக்கும் பதிவு அது. பட்டாவும்கூட வருவாய்த் துறையின் பதிவுதானே தவிர, அதுவே உரிமையை உண்டாக்கிவிடாது. வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழ் இன்னார் இன்னாருக்கு வாரிசு என்று மட்டும் சொல்லும், சொத்தில் பங்கு எவ்வளவு என்று சொல்லாது. சார்பதிவாளர் அலுவலகத்தில் எடுக்கும் வில்லங்கச் சான்று பதிவான ஆவணங்களை மட்டுமே காட்டும். தந்தை இறந்ததும் சட்டப்படி பிள்ளைகளுக்கு வந்து சேர்ந்த உரிமை அதில் ஒரு வரியாகக்கூட வராது. எனவே "வில்லங்கம் பார்த்துவிட்டேன், சுத்தமாக இருக்கிறது" என்று பெரிய மாமா சொன்னதில் பொய் இல்லை, ஆனால் அம்மாவின் பங்கு அந்தத் தாளில் தெரியாமலேயே உயிரோடு இருந்தது.

அவர் தரப்பின் அடுத்த வாதம் 1989. தமிழ்நாடு அரசு அந்த ஆண்டு மார்ச் 25 முதல் மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பிறப்புரிமை கொடுத்தபோது, அந்தத் தேதிக்கு முன் திருமணமான பெண்களுக்கு அது பொருந்தாது என்று சட்டத்திலேயே விலக்கு இருந்தது. அம்மாவுக்குத் திருமணமானது 1972-இல். "அப்படியானால் பங்கில்லை" என்பது பெரிய மாமா வீட்டில் மட்டுமன்றி, எங்கள் உறவு வட்டம் முழுவதிலும் வேதவாக்காக இருந்தது. அந்த விலக்கு பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்துக்குத்தான் என்பதையும், தந்தை தாமே சம்பாதித்து வாங்கிய சொத்தில் மகளுக்கு 1956 முதலே சம பங்கு இருந்தது என்பதையும், மகளின் திருமணத் தேதிக்கும் அந்தப் பங்குக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பதையும் ஒருவரும் சொல்லவில்லை. பிறகு 2005 செப்டம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்த மத்தியச் சட்டத் திருத்தம் பூர்வீகச் சொத்திலும் மகளை மகனுக்குச் சமமாக்கியது. அந்தத் தேதியில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற தேவை இல்லை என்று வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்ட் 11 அன்று தெளிவாக்கியது. இன்றைக்கும் என்னிடம் யோசனை கேட்டு வருகிற பெண்கள் முதலில் சொல்வது தங்கள் திருமண ஆண்டைத்தான். நான் முதலில் கேட்பது, வீடு யார் பணத்தில் யார் பெயரில் வாங்கப்பட்டது என்பதை. தாய்ப்பத்திரத்தைப் பார்க்காமல் இதற்கு விடை சொல்லவே கூடாது.

தாத்தாவின் கருமாதி முடிந்த சில மாதங்களில், 1987 தொடக்கத்தில், பத்து ரூபாய் முத்திரைத்தாளில் எழுதிக் கொண்டுவந்து அம்மாவிடமும் பெரியம்மாவிடமும் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். "எங்களுக்குச் செய்ய வேண்டிய சீர் அனைத்தும் செய்தாகிவிட்டபடியால் மேற்படி வீட்டில் எங்களுக்கு யாதொரு பாத்தியமும் இல்லை" என்று அதில் இருந்தது. அம்மா கையெழுத்துப் போட்டதை மறுக்கவில்லை. அசையாச் சொத்தில் உள்ள உரிமையை ஒருவர் விட்டுக்கொடுக்க வேண்டுமானால் அது பதிவு செய்யப்பட்ட விடுதலைப் பத்திரமாக இருக்க வேண்டும் என்பதால் நீதிமன்றம் அந்தத் தாளை ஏற்கவில்லை. ஆனால் அந்தத் தாள் அம்மாவின் மனத்தில் ஏற்படுத்திய காயம் வேறு. துக்க வீட்டில், அண்ணன் கேட்டார் என்பதற்காகப் படிக்காமல் போட்ட கையெழுத்தை, 25 ஆண்டுகள் கழித்துக் குறுக்கு விசாரணையில் அவர் முகத்துக்கு நேராக நீட்டி "இது உங்கள் கையெழுத்துத்தானே அம்மா?" என்று கேட்டார்கள். அம்மா "ஆமாம், என் கையெழுத்துத்தான்" என்று சொல்லிவிட்டு, நீதிபதியைப் பார்க்காமல் அண்ணனைப் பார்த்தார்.

இத்தனை தெளிவான உரிமையை அம்மா ஏன் 23 ஆண்டுகள் கேட்கவில்லை என்று எங்கள் வீட்டிலேயே பலர் கேட்டிருக்கிறார்கள். கூச்சமும் பயமும் ஒரு பக்கம் இருந்தன. சட்டமே அவர் கையைக் கட்டியிருந்தது என்பது பலருக்குத் தெரியாது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, குடும்பத்தார் முழுவதுமாகக் குடியிருக்கும் வீட்டைப் பொறுத்தவரை, ஆண் வாரிசுகள் தங்களுக்குள் பிரித்துக்கொள்ள முடிவு செய்யும்வரை பெண் வாரிசு பாகப்பிரிவினை கேட்க முடியாது என்று சொன்னது. வயலையும் தோப்பையும் பிரிக்கக் கேட்கலாம், பிறந்த வீட்டை மட்டும் கேட்கக் கூடாது. பங்கு இருக்கும், பலன் இருக்காது. திருமணமான மகளுக்கு அங்கே தங்கும் உரிமைகூடக் கிடையாது. திருமணமாகாதவர், கணவரால் கைவிடப்பட்டவர், பிரிந்து வந்தவர், கணவரை இழந்தவர் ஆகியோருக்கு மட்டும் அது உண்டு. அம்மா தம் பங்கு உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கணக்கில் விருந்தாளியாகவே போய் வந்தார். அந்தப் பிரிவு 2005 திருத்தத்தில் நீக்கப்பட்டது. அதற்கு முன் இறந்தவர்களின் வீட்டிலும் மகள் இனிப் பாகப்பிரிவினை கேட்கலாம் என்பதை, ஜி. சேகர் எதிர் கீதா என்ற தமிழ்நாட்டு வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் 2009-இல் உறுதி செய்தது. எங்கள் வழக்கறிஞர் அந்தத் தீர்ப்பின் நகலைக் கையில் வைத்துக்கொண்டுதான் பிராது எழுதினார்.

காலம் கடந்துவிட்டது, 12 ஆண்டுகளுக்கு மேல் தனியாக அனுபவித்ததால் வீடு தமக்கே சொந்தம் என்றும் பெரிய மாமா தரப்பில் சொன்னார்கள். கூட்டுரிமையாளர்களில் ஒருவர் வீட்டில் குடியிருப்பது எல்லோர் சார்பிலும் குடியிருப்பதாகவே சட்டம் கொள்கிறது. "உனக்கு இதில் உரிமை இல்லை" என்று வெளிப்படையாக மறுத்து, மற்றவர் அறிய அவரை விலக்கி, அதன்பின் 12 ஆண்டுகள் கடந்தால்தான் அந்த வாதம் எடுபடும். ஆண்டுதோறும் பொங்கல் சீர் கொண்டுவந்து கொடுத்த அண்ணனால் தங்கையை விலக்கிவைத்ததாக நிரூபிக்க முடியவில்லை.

முதல்நிலைத் தீர்ப்பாணை 2014-இல் வந்தது. அம்மாவுக்குக் கால் பங்கு என்று அறிவித்த அந்தத் தீர்ப்பு கிடைத்த அன்று எங்கள் வீட்டில் பாயசம் வைத்தோம். அது எவ்வளவு பெரிய அறியாமை என்பது பின்னால்தான் தெரிந்தது. முதல்நிலைத் தீர்ப்பாணை பங்கின் அளவை மட்டுமே சொல்லும். வீட்டின் எந்தப் பகுதி யாருக்கு என்று பிரித்து ஒப்படைக்க இறுதித் தீர்ப்பாணை வேண்டும், அதற்குத் தனியாக மனுப் போட வேண்டும், அந்த மனு மீது மறுபடியும் அறிவிப்பு, எதிருரை, வாய்தா. முதல்நிலைத் தீர்ப்பாணை கொடுத்த நீதிமன்றமே தனி மனுவுக்காகக் காத்திராமல் அடுத்த கட்டத்தைத் தொடர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் ஒரு கேரள வழக்கில் அறிவுறுத்தியது. எங்களுக்கு அந்த வசதி இல்லை. பெரிய மாமா மேல்முறையீடு செய்தார். அது நிலுவையில் இருக்கும்போதே, 2016-இல், பெரியம்மா இறந்துவிட்டார். அவருடைய மூன்று பிள்ளைகளையும் வாரிசுகளாகச் சேர்க்கும் மனு, அதில் ஒருவர் வெளிநாட்டில் இருந்ததால் அவருக்கு அறிவிப்புச் சார்பு செய்யத் தாமதம் என்று ஓர் ஆண்டுக்கு மேல் ஓடியது. மேல்முறையீடு 2018-இல் தள்ளுபடியானது. கால் பங்குகள் நான்காக இருந்த வீடு அதற்குள் பன்னிரண்டில் ஒரு பங்குகளாகவும் உடையத் தொடங்கியிருந்தது. பெரியம்மாவின் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் வீட்டின் அகலத்தில் கணக்கிட்டால் இரண்டு அடிகூட வரவில்லை.

நீதிமன்றம் நியமித்த வழக்கறிஞர் ஆணையர், நில அளவருடன் 2019-இல் ஒரு காலை வீட்டுக்கு வந்தார். நானும் அம்மாவும் போயிருந்தோம். பத்து ஆண்டுகளில் அம்மா அந்த வாசற்படியை மிதித்தது அன்றுதான். திண்ணை, ரேழி, கூடம், நடுவில் முற்றம், அதைத் தாண்டி அடுப்படி, பின்கட்டு, கிணறு, கொல்லை என்று வாசலில் நின்று பார்த்தால் கொல்லைக் கதவு வரை ஒரே நேர்கோட்டில் தெரிகிற வீடு. அளவர் நாடாவை விரித்தபோது மறுமுனையைப் பிடிக்க ஆள் இல்லை. பெரிய மாமாவே போய்ப் பிடித்தார். அப்போது அவருக்கு 74 வயது. கிழக்குச் சுவரில் நாடாவின் முனையைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு அவர் குனிந்து நிற்க, மேற்குச் சுவரோரம் அளவர் "இருபத்தோரு அடி நாலு அங்குலம்" என்று சொல்ல, ஆணையர் குறித்துக்கொண்டார். பத்திரத்தில் இருந்த 22 அடியில் எட்டு அங்குலம் எங்கே போயிற்று என்ற பேச்சு உடனே எழுந்தது. மேற்கு வீட்டுக்காரர் எப்போதோ சுவரை எடுத்துக் கட்டியபோது போயிருக்கலாம் என்றார் பெரிய மாமா. அதற்குத் தனி வழக்குப் போட வேண்டியிருக்கும் என்றார் ஆணையர். அந்த நிமிடத்தில் அண்ணனும் தங்கையும் ஒரே குரலில் "வேண்டாம்" என்று சொன்னார்கள். பத்து ஆண்டுகளில் அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அது.

ஆணையர் தம் அறிக்கையில், அகலவாக்கில் பிரித்தால் ஆளுக்கு ஐந்தரை அடிகூட வராது என்றும், நீளவாக்கில் துண்டாக்கினால் பின்கட்டில் பங்கு பெறுபவருக்குத் தெருவுக்கு வர வழி விட வேண்டும் என்றும், வழி விட்டால் முன்கட்டில் மிஞ்சுவது குடியிருக்கத் தகுதியாக இராது என்றும், முற்றத்தையும் கிணற்றையும் பொதுவில் வைத்தால் அடுத்த வழக்கு அங்கிருந்து தொடங்கும் என்ற பொருளிலும் எழுதியிருந்தார். பிரிக்க முடியாத சொத்துக்கு 1893-ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டம் வழி சொல்கிறது. பாதிக்குக் குறையாத பங்கு உள்ளவர்கள் கேட்டால், வீட்டை விற்றுப் பணத்தைப் பகிர நீதிமன்றம் உத்தரவிடலாம். அப்படி ஒருவர் விற்பனை கேட்கும்போது, மற்றப் பங்குதாரர் அந்தப் பங்கை நீதிமன்றம் நிர்ணயிக்கும் விலைக்குத் தாமே வாங்கிக்கொள்ள உரிமை கேட்கலாம். பங்குதாரர் ஒருவர் தம் பங்கை வெளியாருக்கு விற்று, அந்த வெளியார் பாகம் கேட்டு வந்தால், குடும்பத்தார் அவரிடமிருந்து மதிப்பிட்ட விலைக்கு வாங்கிக் குடும்ப வீட்டைக் காப்பாற்றிக்கொள்ளவும் அதே சட்டத்தின் 4-ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. 1893-இலேயே ஒருவர் உட்கார்ந்து, வீடு என்பது வயலைப் போல வரப்புப் போட்டுப் பிரிக்கக் கூடியதன்று என்று யோசித்து எழுதியிருக்கிறார். அந்தச் சட்டத்தை நாங்கள் வழக்குத் தொடுத்த பத்தாவது ஆண்டில்தான் முதன்முதலாகக் கேள்விப்பட்டோம் என்பது எனக்கு இன்னும் ஆறாத வருத்தம்.

அம்மாவும் பெரியம்மாவின் பிள்ளைகளும் சேர்ந்தால் சரியாகப் பாதி. ஏலம் கேட்கலாம் என்றார் வழக்கறிஞர். கேட்டிருந்தால் வென்றிருப்போம் என்றே நினைக்கிறேன். அம்மா ஒப்பவில்லை. "ஏலத்தில் யாரோ எடுத்து இடிச்சுட்டுக் கடை கட்டுவான். அதுக்கா நான் கோர்ட்டுக்குப் போனேன்?" என்றார். இடையில் பெருந்தொற்று வந்து நீதிமன்றங்கள் முடங்கின. மறுபடியும் திறந்தபோது, வழக்கைச் சமரச மையத்துக்கு அனுப்புமாறு எங்கள் தரப்பிலேயே கேட்டோம்.

சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் 2005-இல் தொடங்கிய சமரச மையத்தின் வழியில் இன்று மாவட்டங்கள்தோறும் நீதிமன்றங்களோடு இணைந்த மையங்கள் இயங்குகின்றன. அங்கே சமரசராக இருப்பவர் தீர்ப்புச் சொல்வதில்லை. அங்கே பேசியதை நீதிமன்றத்தில் சாட்சியமாகப் பயன்படுத்தவும் முடியாது. ஒரு மேசை, நான்கைந்து நாற்காலிகள், ஒரு தண்ணீர்க் குடம், அவ்வளவுதான். முதல் அமர்வில் இருவரும் தத்தம் வழக்கறிஞரைப் பார்த்தே பேசினார்கள். இரண்டாம் அமர்வில் சமரசர் வழக்கறிஞர்களை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, பெரிய மாமாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இந்த வீட்டுக்காக நீங்கள் செய்தது எது, யாரும் கணக்கில் எடுக்காதது?" அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, பாட்டி படுக்கையில் விழுந்த நான்கு ஆண்டுகளைச் சொன்னார். ஓடு மாற்றியது, மழைக்கு உத்தரம் இற்றுப்போனபோது கடன் வாங்கிப் போட்டது, யாரிடமும் காசு கேட்காதது. அம்மா அழுதார். "இதை நீ ஒரு நாளாவது என்கிட்ட சொல்லியிருந்தா நான் பங்கே கேட்டிருக்க மாட்டேனே அண்ணா" என்றார். அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. ஆனால் நீதிமன்றக் கோப்பின் பல நூறு பக்கங்களில் இந்த உரையாடலுக்கு ஓர் இடமும் இருக்கவில்லை.

நல்லுணர்வால் மட்டும் ஒப்பந்தம் ஆகிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். அதன்பின் நான்கு அமர்வுகள் வெறும் கணக்குதான். அரசின் வழிகாட்டி மதிப்பை எடுப்பதா, சந்தை விலையையா என்பதே பெரிய பேச்சாக இருந்தது. இரண்டு தரப்பும் ஆளுக்கொரு மதிப்பீட்டாளரை வைத்து, இரண்டின் சராசரியை ஏற்றுக்கொண்டோம். முன்னறையைத் தையல் கடைக்கு விட்டு 2003 முதல் பெரிய மாமா வாங்கிய வாடகையில் அம்மாவுக்கும் பங்குண்டு. அவர் செய்த பழுதுபார்ப்புச் செலவில் அம்மாவும் கால் பங்கு ஏற்க வேண்டும். இரண்டையும் ஒன்றுக்கொன்று நேர் செய்துவிட்டோம். சின்ன மாமா கோயம்புத்தூரிலிருந்து வந்து தம் பங்கை அண்ணனுக்கே விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் பதிவு செய்தார். அம்மாவுக்கும் பெரியம்மாவின் பிள்ளைகளுக்கும் ஒன்பது மாதத்தில் மூன்று தவணையாகப் பணம். தவணை தவறினால் வட்டி, அதுவும் தவறினால் வீட்டின் மீது பொறுப்பு, அதாவது நிலுவைக்கு வீடே ஈடு. இந்தக் கடைசி வாசகத்தைச் சேர்க்க அம்மா கூசினார். நான் பிடிவாதமாகச் சேர்க்கச் சொன்னேன். உறவு சரியாகிவிட்டது என்பதற்காக எழுத்தில் இடைவெளி விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1987-இன் பத்து ரூபாய்த் தாளே எங்களுக்குச் சாட்சி. ஒப்பந்தத்தை நீதிமன்றத்தில் தாக்கல் செய்து, அதையே தீர்ப்பாணையாகப் பெற்று, முத்திரைத்தாளில் எழுதி வாங்கி, அதை வைத்துப் பட்டாவில் பெயர் மாற்றம் செய்யும் வரை நான் விடவில்லை.

வழக்கின் தொடக்கத்திலேயே சமரசத்துக்குப் போய் முடித்தால், கட்டிய நீதிமன்றக் கட்டணம் முழுவதும் திரும்பக் கிடைக்கும். தமிழ்நாட்டு நீதிமன்றக் கட்டணச் சட்டத்தின் 69-ஏ பிரிவு அதற்கு இடம் தருகிறது. மையத்துக்கு அனுப்பப்படாமல் தரப்பினர் தாங்களாகவே வெளியில் பேசி முடித்துக்கொண்டாலும் அது பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் சொன்னது. எனவே பங்கு கேட்டு என்னிடம் வருகிறவர்களிடம், வழக்குத் தொடுக்காதீர்கள் என்று நான் சொல்வதில்லை. உரிமையை மறுக்கிறவரிடம் வெறுங்கையோடு பேசப் போனால் பேச்சே நடக்காது. பிராது தாக்கலானால்தான் இடையில் யாருக்காவது விற்றாலும் வாங்குபவர் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவராவார். ஆனால் அறிவிப்பு அனுப்புவதற்கு முன்பே வீட்டின் வரைபடம் ஒன்றைப் போட்டு, யார் அங்கே வாழப் போகிறார், யாருக்குப் பணம் போதும், அந்தப் பணம் எங்கிருந்து வரும் என்பதை எழுதிக்கொண்டு வாருங்கள் என்று சொல்கிறேன். பெரும்பாலானவர்கள் இந்தக் கேள்விகளுக்கு விடை இல்லாமல், பங்கு எவ்வளவு என்பதை மட்டும் தெரிந்துகொண்டு போகவே வருகிறார்கள்.

மூன்றாம் தவணையைப் பெரிய மாமா ஒரு மாதம் முன்னதாகவே கொடுத்துவிட்டார். அடுத்த வாரம் அம்மாவைத் தொலைபேசியில் அழைத்து, உயில் எழுதிப் பதிவு செய்யப் போவதாகவும், சாட்சிக் கையெழுத்துக்கு வர முடியுமா என்றும் கேட்டார். உயிலுக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும், அதில் பயன்பெறுபவரைச் சாட்சியாக வைக்காமல் இருப்பது நல்லது. அம்மாவுக்கு இனி அந்த வீட்டில் எதுவும் இல்லை என்பதால் தடையில்லை. சார்பதிவாளர் அலுவலகத்தில் அம்மா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை உயிலைப் படித்தார். மாமாவின் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு என்றும், வீட்டில் குடியிருக்க விரும்புகிறவர் மற்றவருக்கு உரிய விலையைக் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம் என்றும், எத்தனை மாதத்துக்குள் என்றும் அதில் எழுதியிருந்தது. படித்து முடித்த பிறகுதான் பேனாவை எடுத்தார்.